நான் இங்கே இல்லை

1

“வந்து பால் மட்டும் காய்ச்சிட்டுப் போங்க மாமா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன். பேசியது செல்வராஜ். என் வீட்டுக்காரி லூர்துவின் தம்பி. திண்டுக்கல்லில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கூடவே இடம் வாங்கி விற்றுக் கொடுக்கும் வேலையும் பார்க்கிறான்.

ராமநாதபுரத்துப் பக்கம் கடலோரத்தில் மனை போட்டிருக்கிறார்களாம். கட்டின வீடாகவே கொடுத்துவிடுவார்களாம். வாசலில் நின்றால் அலை காலில் படும் என்றான். படம் அனுப்பினான். வெள்ளை வீடு, நீலத் தண்ணீர், சாய்ந்த தென்னை மரம். எந்த நாட்டுப் படமோ.

“கரைக்கு இம்புட்டுக் கிட்ட வீடு கட்ட விட மாட்டாங்களே மாப்ள” என்றேன்.

“நமக்கு விட மாட்டாங்க. மீன் பிடிக்கிறவுகளுக்கு விடுவாங்க. அவுக குடியிருக்க வீடு கட்டிக்கிறதுக்கு ரூல்ல எடம் இருக்கு. ஒரு ஆளு பேருல பர்மிட் போட்டாச்சு. அவரு அங்க இருக்கிற மாதிரி பேப்பரு.”

“அவரு இருப்பாரா?”

“அவரு எங்க இருக்கப் போறாரு? பேப்பர்லதான் மாமா இருப்பாரு. நமக்கு ஒரு தொந்தரவும் இல்ல.”

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். உடனே தாளும் பேனாவும் எடுத்தேன்.

ஊர்க் கோயில் திருவிழா மலருக்கு எழுதக் கேட்ட பங்குச் சாமியார், வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதி அனுப்புங்கள் என்றிருந்தார். நல்ல வார்த்தை இல்லை, சாமி. நடந்ததை எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தைத் திருத்த வேண்டாம்.

2

என் பெயர் சவரிமுத்து. சாணார்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். கொத்தனார். லூர்துதான் முதலில் இத்தாலிக்கு வந்தாள். படுக்கையில் கிடக்கும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு வருடம் கழித்து நான் வந்தேன். மகள் ரோஸ்லின் இங்கே பிறந்தாள்.

நாங்கள் இருப்பது ஒரு தீவு. ஊர் பெயர் வேண்டாம். இன்னும் இங்கேதான் பிழைக்கிறேன்.

என்னை இங்கே சவேரியோ என்பார்கள். சவரிமுத்து அவர்கள் வாயில் நுழையவில்லை. முதலில் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். கூப்பிட்டால் திரும்புகிறேன், அது போதும்.

கடற்கரைச் சாலை முழுக்க வீடுகள். எல்லாம் வடக்கே பெரிய நகரங்களில் இருப்பவர்களின் இரண்டாவது வீடு. ஆகஸ்டில் மூன்று வாரம் விளக்கு எரியும். மற்ற நாளெல்லாம் சன்னலை அடைத்துப் பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் ஆள் வேண்டும். உப்புக் காற்றில் கதவுக் கீல் இற்றுப்போகும். சுவரில் பூஞ்சை ஏறும். எலி வரும். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நான். பதினாலு வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது.

அதில் பெரிய வீடு கார்லோ என்பவருடையது. வடக்கே பல் டாக்டர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வந்ததும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பார். கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்புவார். “சவேரியோ, நீ எங்கள் குடும்பம்” என்பார். அந்த வார்த்தையை எண்ணி வைத்திருந்தால் ஒரு மூட்டை தேறும்.

இந்தத் தீவில் சட்டம் இருக்கிறது. கடலிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் புதிதாக வீடு கட்டக் கூடாது. பழைய வீடு இருந்தால் இருக்கலாம். பெரிதாக்கக் கூடாது. சட்டத்தில் தப்பில்லை. கடல் எல்லாருக்கும் பொது. ஆனால் சட்டம் போட்ட அன்றே அதில் ஓட்டை போட ஆள் படித்துவிடுகிறான். அவனுக்கு இங்கே ஜியோமெத்ரா என்று பெயர். நம் ஊரில் பிளான் போடுகிறவர் மாதிரி. சர்வேயர் வேலையும் பார்ப்பார்.

கார்லோவின் ஜியோமெத்ரா ஒரு வரைபடத்தோடு வந்தார். தோட்டத்து மூலையில் நாலுக்கு ஆறு மீட்டரில் ஓர் அறை. பெயர், கருவி வைக்கும் கொட்டடி. அதற்கு அனுமதி கிடைக்கும். படத்தில் மண்வெட்டி சாத்துகிற இடம் போட்டிருந்தது. புல்வெட்டி எந்திரம் நிற்கிற இடத்துக்குக் கட்டமே போட்டிருந்தது.

“தண்ணீர்க் குழாயைச் சுவருக்குள்ளே போட்டு வாயை அடைத்து மேலே பூசிவிடு” என்றார் கார்லோ. “அதிகாரிகள் பார்த்துவிட்டுப் போன பிறகு திறந்துகொள்ளலாம்.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இவர்கள் மொழி முழுதாகத் தெரியாது. இந்த மொழி தெரியும்.

மோட்டார் ரூம்.

3

ஊரில் நான் மூன்று மோட்டார் ரூம் கட்டியிருக்கிறேன். சிறுமலை அடிவாரத்தில். தோட்டத்து நிலத்தில் வீடு கட்ட அனுமதி வாங்கி அலைய வேண்டாம், மோட்டார் ரூம் என்று சொல்லிவிடுவார்கள். கிணற்றுப் பக்கம் பம்புசெட்டுக்கு ஒரு சின்ன அறை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு மோட்டார் ரூமில் ஏசி வைத்தோம். இன்னொன்றில் பால்கனி.

“மோட்டாருக்கு எதுக்குங்கய்யா பால்கனி?” என்று கேட்டேன்.

“சாயங்காலம் மோட்டாரு காத்து வாங்கும்லப்பா” என்றார் வீட்டுக்காரர். வேலையாட்கள் எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த வருடம்தான் எங்கள் ஊர்க் குளத்துக் கரையில் இருந்த வீடுகளை இடித்தார்கள். என் கூட வேலை செய்த பாண்டி வீடும் அதில் ஒன்று. என் வயதுக்காரன், கலவை போடுவதில் அவனை அடிக்க ஆள் இல்லை. வீட்டு வரி ரசீதையும் கரண்ட் அட்டையையும் ரேஷன் கார்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எல்லாம் இருக்குப்பா சவரி. வீடு மட்டும் இல்லைன்றாய்ங்க” என்றான்.

நீர்நிலை, இடிக்கத்தான் வேண்டும் என்றார்கள். சரி. அந்தக் குளத்துக்கு வரும் ஓடையை மறித்துத்தான் பால்கனி மோட்டார் ரூமின் சுற்றுச்சுவர் நின்றது. நான் எழுப்பிய சுவர். மறுநாள் காலையில் நானும் பாண்டியும் அங்கே டைல்ஸ் ஒட்டப் போனோம். மத்தியானம் அவன் தூக்குவாளியில் சோறு இல்லை. சமைக்க அடுப்பு எங்கே இருக்கிறது? என் சோற்றைப் பாதி பிரித்தோம்.

அன்றைக்கு வராத கோபம் இத்தனை வருடம் கழித்து வேறு நாட்டில் வந்திருக்கிறது. லேட்டுதான்.

4

ஊருக்குள் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துப் பதினோரு வருடம் இருந்தோம். கடலுக்கு நடந்து போகும் தூரம். வீட்டுக்காரரின் மகன், இனி கோடைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போகிறேன் என்றான். அவன் மேலும் தப்பில்லை. எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். வேறு வீடு தேடினோம். எல்லா வீட்டிலும் ஒரே பதில். செப்டம்பரிலிருந்து மே வரை தருகிறோம். ஜூன் வந்தால் காலி செய்யுங்கள்.

கோடையில் மனிதர் எங்கே போவது? கேட்டேன். தோளைக் குலுக்கினார்கள்.

கார்லோவிடம் சொன்னேன். நான் கட்டி முடித்திருந்த அந்தக் கொட்டடியில் இருந்துகொள் என்றார். ரொம்பப் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். விருந்தாளிக்குக் கட்டியது, பரவாயில்லை, நீ குடும்பம். “ஒன்றே ஒன்று. பேப்பரில் மட்டும் வேண்டாம்.”

அடைத்து வைத்த குழாயை நானே உடைத்துத் திறந்தேன். சாமான்களை ஏற்றுவதற்கு முன் லூர்து தடுத்தாள்.

“செத்த நேரம் இருங்க. பால் காய்ச்சாம ஒரு சட்டிய உள்ள வைக்கக் கூடாது.”

“இது கொட்டடி லூர்து. வீடில்ல.”

“நம்ம தூங்கப் போறோமா இல்லையா?”

மூன்று செங்கல்லை வைத்தாள். சுள்ளி பொறுக்கினோம். அலுமினியச் சட்டி. சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்க முடியாது, வெளியே தெரிந்துவிடும். அவளே தீர்த்தம் தெளித்து ஒரு பரலோக மந்திரம் சொன்னாள். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. ரோஸ்லின் இருமிக்கொண்டே படம் பிடித்தாள். “மம்மி, வீட்டைக் கொளுத்துறீங்க” என்று சிரித்தாள்.

புதுச் சிமெண்டுத் தரையில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. தேய்த்தேன். போகவில்லை. மேலே பாய் போட்டு மூடினேன்.

புல்வெட்டி நிற்க வேண்டிய கட்டத்தில் ரோஸ்லின் கட்டில். சரியாகப் பொருந்தியது. ஜியோமெத்ரா அளவு நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்.

இருபதடி தள்ளிப் பெரிய வீடு. ஆறு கட்டில். வெந்நீர். சாவி என் இடுப்பில். குளிர்காலம் முழுக்க அந்த வீடு காலியாகக் கிடந்தது. வாரம் ஒரு தடவை போய் ஹீட்டர் போட்டு வருவேன், சுவரில் ஈரம் ஏறக் கூடாது என்று. திரும்பி வந்து நாங்கள் மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குவோம். சுவருக்குச் சளி பிடிக்கக் கூடாது.

ரோஸ்லின் பள்ளிக்கூடத்தில் பெரிய வீட்டைத்தான் தன் வீடு என்று சொல்லியிருக்கிறாள். தோழிகள் யாரும் வரக் கூடாது என்பதற்காக, அம்மா ரொம்பக் கண்டிப்பு என்றும் சொல்லியிருக்கிறாள். பிறகுதான் தெரிந்தது. நான் கேட்டபோது இத்தாலியனில் பதில் சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் வராது. எனக்குக் கோபம் வந்தால் இத்தாலியன் வராது. அப்படியே எங்கள் சண்டை நடக்கும். ஆளுக்கொரு பாஷையில். லூர்து நடுவில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

5

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே பிறந்தாலும் பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளை இல்லை. பதினெட்டு முடிந்ததும் கேட்டால் குடியுரிமை தருவார்கள். அதற்கு ஒரு நிபந்தனை. பிறந்ததிலிருந்து பதினெட்டு வரை விடாமல் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். அதற்கு முதல் சாட்சி நகராட்சிக் குடிப்பதிவு. நடுவில் அறுந்தால் பள்ளிக்கூடச் சான்று, தடுப்பூசி அட்டை எல்லாம் காட்டி வாதாட வேண்டும். வக்கீல் வைக்க வேண்டும். எங்களுக்கு வக்கீல் யார்?

ரோஸ்லினுக்குப் பதினெட்டு ஆக ஐந்து மாதம் இருந்தது. பழைய வீட்டுக்காரர் நாங்கள் போய்விட்டதை எழுதிக் கொடுத்துவிட்டார். புது முகவரி சொல்லாவிட்டால் பெயரை நீக்குவோம் என்று கடிதம் வந்தது.

நகராட்சி அலுவலகத்தில் ஒரே நடைகூடம். இடது பக்கம் ஒரு சன்னல், குடிப்பதிவு. வலது பக்கம் ஒரு சன்னல், கட்டட அனுமதி. நடுவில் காபி எந்திரம். இரண்டு சன்னல்காரர்களும் அதே எந்திரத்தில் காபி குடிப்பார்கள்.

இடது சன்னலுக்கு நாங்கள் அந்த அறையில் வசிக்கிறோம் என்று காட்ட வேண்டும். வலது சன்னலுக்கு அந்த அறையில் யாரும் வசிக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

கார்லோ போனில் சொன்னார். ஊருக்குள் நண்பர் ஒருவர் முகவரி வாங்கித் தருகிறேன், அதில் பதிந்துகொள். அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார். நண்பருக்கு மனைவி சம்மதிக்கவில்லை. இன்னொரு நண்பருக்கு வரி கூடுமாம்.

லூர்து காத்திருக்கவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் இடது சன்னலுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொன்னாள்.

“என்னாத்துக்குடி எங்கிட்ட கேக்காம...”

“கேட்டா நீங்க அந்தாளுக்குப் போனப் போடுவீங்க.”

உண்மைதான். போட்டிருப்பேன்.

“சன்னல்ல இருந்த அம்மா என்ன சொன்னுச்சு தெரியுமா? எங்க தூங்குறீங்களோ அத எழுதுங்க, படகுன்னாலும் பதிஞ்சுக்கிறேன், குகைன்னாலும் பதிஞ்சுக்கிறேன்னுச்சு. வீட்டு நம்பர் இல்லன்னேன். பன்னெண்டு பி-ன்னு அதுவே குடுத்துச்சு.”

“ஆளு வந்து பாப்பாய்ங்களே.”

“வரட்டும். நாம இல்லாமயா போயிட்டோம்?”

மறுநாள் கார்லோவிடம் நானே சொன்னேன். மறைக்க வரவில்லை. அவர் கத்தவில்லை. மெதுவாகப் பேசினார். நகராட்சிக் காவலர் வந்தால் ஒரே ஒரு வாக்கியம் சொல். நான் இங்கே வேலைக்கு வருகிறேன், வசிக்கவில்லை. மற்றதை ஜியோமெத்ரா பார்த்துக்கொள்வார். “நோன் அபித்தோ குயி. சொல் பார்க்கலாம்.” சொன்னேன். இன்னொரு தடவை. சொன்னேன். நாற்பது வயது தாண்டியவனைப் போனில் ஒப்பிக்க வைத்தார். ஒப்பித்தேன்.

வேலை போனால் பதினாலு சாவியும் போகும். அந்தச் சாலையில் எல்லாரும் அவர் நண்பர்கள்.

லூர்துவிடம், அவர் சொன்னதைத்தான் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

6

வந்தார். நகராட்சிக் காவலர், காலை எட்டு மணிக்கு. மோட்டார் சைக்கிள், கறுப்புக் கண்ணாடி, கக்கத்தில் ஒரு கோப்பு. நான் வேலிச்செடி வெட்டிக்கொண்டிருந்தேன்.

“சவேரியோ?”

“நான்தான்.”

“இங்கே வசிக்கிறீர்களா?”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இத்தாலியனில் ‘அபித்தோ’ என்றால் வசிக்கிறேன். ‘சோனோ’ என்றால் இருக்கிறேன். இரண்டு வார்த்தை. நமக்கு இரண்டும் ஒன்றுதான். எங்க இருக்கீங்க என்று கேட்டால் சாணார்பட்டியில் இருக்கேன் என்போம். நிற்கிற இடமா, குடியிருக்கிற இடமா என்று யாரும் பிரிப்பதில்லை. பொய்யைத் தமிழில் யோசித்துவிட்டேன். வாயில் வந்தது இதுதான்.

“நோன் சோனோ குயி.”

நான் இங்கே இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “இங்கே இல்லையா?”

“இல்லை.”

“அப்படியென்றால் இவ்வளவு நேரம் நான் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்?”

கத்தரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது கொட்டடிக் கதவு திறந்தது. ரோஸ்லின். வாயில் பிரஷ், உதட்டில் நுரை, தலை வாரவில்லை.

“அப்பா, யாரு?”

“இவரும் இங்கே இல்லையோ?” என்றார் காவலர்.

உள்ளே வந்தார். கோப்பைத் திறந்தார். கொட்டடியின் வரைபடமும் அதில் இருந்தது. புல்வெட்டிக் கட்டத்தைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை. நடந்தபோது பாய் காலில் சிக்கி நகர்ந்தது. கறுப்பு வட்டம்.

“கருவி அறையில் தீ மூட்டியது யார்?”

“நாங்கள்.”

“எதற்கு?”

“பால்.”

“குடிக்கவா?”

“இல்லை. பொங்க.”

“பொங்கி?”

எனக்கு அதற்கு மேல் வார்த்தை இல்லை. தமிழில் சொன்னேன். “பொங்குனாத்தான் வீடு.”

ரோஸ்லின் பிரஷை வெளியே எடுத்தாள். மொழிபெயர்த்தாள். பால் வழிந்தால் அது வீடு என்று அர்த்தம், எங்கள் பக்கம் அப்படி. அவள் ‘எங்கள் பக்கம்’ என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

காவலர் வட்டத்தைப் பார்த்தார். “வழிந்ததா?”

“வழிந்தது” என்றாள்.

என் பக்கம் திரும்பினார். பேனாவை எடுத்தார். “சவேரியோ, கடைசியாகக் கேட்கிறேன். நீங்கள் சொல்கிறதைத்தான் எழுதுவேன். நான் எழுதினால் இந்தத் தாள் இரண்டு சன்னலுக்கும் போகும்.”

அந்த நேரம் என்ன நினைத்தீர்கள் என்று லூர்து பிறகு கேட்டாள். ஒன்றும் நினைக்கவில்லை. அந்தப் பிரஷைப் பார்த்தேன். வேலைக்கு வந்த இடத்தில் யாரும் அப்படிக் கதவைத் திறக்க மாட்டார்கள். சொந்த வீட்டில்தான் அப்படித் திறப்பார்கள்.

“அபித்தோ” என்றேன். இந்தத் தடவை வார்த்தை சரியாக வந்தது.

7

ரோஸ்லின் பெயர் அறுபடவில்லை. பன்னிரண்டு பி என்று ஒரு வெள்ளைப் பீங்கான் பலகை கொடுத்தார்கள், கதவுக்குப் பக்கத்தில் பதிக்க. பதித்தேன். கோணாமல் இருக்க ரசமட்டம் வைத்துப் பதித்தேன்.

அடுத்த மாதம் வலது சன்னலிலிருந்து கார்லோவுக்குத் தாள் வந்தது. தொண்ணூறு நாளில் இடித்துப் பழையபடி ஆக்க வேண்டும்.

“ஒரு சட்டிப் பாலில் எல்லாவற்றையும் கெடுத்தாய்” என்றார் போனில். குடும்பம் என்ற வார்த்தை அன்று வரவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மற்ற பதின்மூன்று சாவியும் இரண்டே வாரத்தில் திரும்பப் போயின. ஒருவர் கூடக் காரணம் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு வேலை மட்டும் கொடுத்தார். இடிக்கிற வேலை. கட்டினவனுக்குத்தான் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியும் என்றார். போனேன். கூலி வேலை கூலி வேலைதான். கூரை ஓடுகளை இறக்கினேன், சுவரைத் தள்ளினேன், தரையை உடைத்தேன். கறுப்பு வட்டம் மூன்று துண்டாகப் போயிற்று. மற்ற இடிபாடுகளோடு லாரியில் ஏற்றினேன். எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

இடித்து முடித்துக் கை கழுவப் போனது நீச்சல் குளத்தில். அந்தக் குளமும் முந்நூறு மீட்டருக்குள் புதிதாகத் தோண்டியதுதான். அதற்கு அனுமதி உண்டு. பேப்பரில் அது நீச்சல் குளம் இல்லை. தீயணைக்கத் தண்ணீர் சேமிக்கும் தொட்டி. தொட்டிக்குள் நீல டைல்ஸ், ஏணி, விளக்கு.

பிறகு ஒரு நாள் அந்தக் காவலரை டீக்கடை மாதிரி ஒரு காபிக் கடையில் பார்த்தேன். கேட்டுவிட்டேன். “அந்தத் தொட்டிக்கு ஒன்றும் இல்லையா?”

“தொட்டிதானே” என்றார். “அதில் யாரும் வசிக்கவில்லையே.”

அவர் கேலிக்குத்தான் சொன்னார். என் காபிக்கும் சேர்த்து அவரே கொடுத்தார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாச் சட்டமும் இருக்கிறது. யாரும் வசிக்காத வீடு எத்தனை வேண்டுமானாலும் கடலைப் பார்த்து நிற்கலாம். மூன்று பேர் வசித்தால் அதை இடிக்க வேண்டும். கடற்கரையைக் காப்பாற்றுகிறார்கள். சரி. யாரிடமிருந்து? புல்வெட்டி இருந்தால் கடலுக்கு ஒன்றும் ஆகாது. என் மகள் தூங்கினால் கடல் கெட்டுப்போகும்.

இப்போது கடலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மலையூரில் இருக்கிறோம். இரண்டு அறை. ரோட்டு வேலையில் சேர்ந்திருக்கிறேன். லூர்து விடிவதற்கு முன் பஸ் பிடிக்கிறாள்.

ரோஸ்லினுக்குப் பதினெட்டு முடிந்ததும் கூப்பிட்டார்கள். மேயர் மூன்று நிறப் பட்டை போட்டுக்கொண்டு நின்றார். ரோஸ்லின் கையில் தாளைப் பிடித்து உறுதிமொழி படித்தாள். புது ஊரில் பதிவு இன்னும் முடியவில்லை. அதனால் பழைய முகவரியைத்தான் படித்தார்கள். பன்னிரண்டு பி. அந்த அறை தரைமட்டமாகி இருபது நாள் ஆகியிருந்தது. அதே நடைகூடம். இடது பக்கம் அவள் அங்கே இருக்கிறாள். வலது பக்கம் அங்கே ஒன்றுமே இல்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். லூர்து அழுதாள். நான் பாண்டியின் மஞ்சள் பையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

8

நேற்று செல்வராஜ் மறுபடி கூப்பிட்டான். ரோஸ்லின் பக்கத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்ன மாமா முடிவு பண்ணீங்க? இன்னும் ரெண்டுதான் கெடக்கு. பாப்பா பேருல போட்டுருவோமா?”

தன் பேச்சு வந்ததும் அவள் நிமிர்ந்தாள். “என்ன என் பேர்ல?”

“கடலோரத்துல வீடு பாப்பா! லீவுக்கு வந்து குளிச்சுட்டு மீன் சாப்புட்டுப் போலாம்.”

“அங்க யாரு இருக்கா?”

“யாரும் இல்ல பாப்பா. சும்மா கெடக்குற எடம்.”

“பேப்பர்ல ஒருத்தர் இருக்கார்னு அப்பா சொன்னாங்க.”

“அது பேப்பர்ல.”

“நெஜமா எங்க இருக்கார்?”

செல்வராஜ் சிரித்தான். “என்னப்பா இது, தாசில்தார் கணக்கா கேக்குது! அவரு அங்கதான், பக்கத்துல குப்பத்துல வாடகைக்கு இருக்காரு.”

“அவருக்கு வீடு இல்லையா?”

“இல்ல பாப்பா. இல்லாததுனாலதான அவரு பேருக்குப் பர்மிட் குடுக்குறாய்ங்க.”

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். தமிழ் விளங்கவில்லை போல என்று நினைத்து இத்தாலியனில் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். விளங்கிவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“மாப்ள, அவரு பேரு என்ன?” என்றேன்.

“யாரு பேரு?”

“பேப்பர்ல இருக்கிறவரு.”

“பேரா? ஜெராக்ஸ்ல இருக்கும் மாமா, பாக்கணும். அது எதுக்கு?”

“கேட்டுச் சொல்லு. அவரு அங்க வீடு கட்டிக் குடியிருக்கப் போறாருன்னா, நான் லீவு போட்டுட்டுக் கொத்துக்கரண்டியோட வாரேன். கூலி வேணாம். பாலு அவரு வீட்டம்மா காய்ச்சட்டும். நான் நின்னு பாத்துட்டு வாரேன்.”

“என்ன மாமா வெளாடுறீங்களா? எம்புட்டு அலைஞ்சு வாங்குன பர்மிட்டு தெரியுமா? நீங்க என்னமோ...”

ரோஸ்லின் போனை என் பக்கம் நகர்த்தினாள். அந்தப் பக்கம் கடையில் யாரோ சார்ஜர் கேட்கும் சத்தம் வந்தது.

“மாமா? மாமா... இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றேன். “பேரைச் சொல்லு.”